காட்டுத் தீயிலிருந்து வீட்டையும் தோட்டத்தையும் காப்பது எப்படி?

தை மாதப் பனி விலகி மாசி பிறந்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து விவசாயிகளுக்குப் புதிய கவலை ஒன்று வந்துவிடுகிறது. பகலில் மலையைப் பார்த்தால் புகை. இரவில் பார்த்தால் மாலை தொடுத்தாற்போல் நெருப்புக் கோடு. போடிநாயக்கனூர், வருசநாடு, பழனி மலைப் பக்கம், சத்தியமங்கலம், நீலகிரிச் சரிவுகள் என்று பல இடங்களிலும் சித்திரையில் கோடை மழை விழும்வரை இந்த அபாயம் நீடிக்கும். காடு எரிந்தால் அது வனத்துறையின் பாடு என்று இருந்துவிட முடியாது. காப்புக் காட்டுக்கும் பட்டா நிலத்துக்கும் நடுவே பெரும்பாலான இடங்களில் ஒரு எல்லைக் கல்லும் முள்வேலியும்தான் உண்டு. இவற்றால் நெருப்பு நிற்காது.

முன்னெல்லாம் மக்கள் ஊருக்குள் சேர்ந்து குடியிருந்தார்கள். காட்டோர நிலம் மானாவாரிப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் பயன்பட்டது. நெருப்பு இறங்கி வந்தால் தட்டைக் காடு கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். இப்போது நிலைமை வேறு. கிணறு வெட்டி, பம்ப் செட் வைத்து, சொட்டுநீர்க் குழாய் போட்டு, தோட்டத்திலேயே வீடு கட்டிக் கொண்டு குடும்பங்கள் காட்டை ஒட்டி வந்துவிட்டன. பக்கத்திலேயே பட்டணத்துக்காரர்களின் பங்களாக்களும் சுற்றுலா விடுதிகளும் எழும்பியிருக்கின்றன. புல் மட்டும் எரிந்த இடத்தில் இன்று வீடும் மாடும் மோட்டாரும் இருக்கின்றன.

மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடிக்கிறது என்று சொல்லும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இது நம்பத் தகுந்ததல்ல. நம் நாட்டில் ஏற்படும் காட்டுத் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையால் வருவதே என்பது வனத்துறையினரின் முடிவு. பீடித் துண்டு, தேன் எடுக்கக் கொளுத்திய பந்தம், கரும்புத் தோகைக்கு வைத்த நெருப்பு, வரப்பை ‘சுத்தம்’ செய்ய வைத்த நெருப்பு, சமைத்துவிட்டு அணைக்காமல் போன அடுப்பு, புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சல்காரர் வைத்த நெருப்பு ஆகியவையே காரணங்கள். விடுதிகளில் இரவில் குளிர் காய மூட்டும் நெருப்பும் இவற்றோடு சேர்ந்துவிட்டது. விவசாயிகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. ஆனால் விவசாயிகளின் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நீலகிரியில் 2024 மார்ச் மாதம் குன்னூரை அடுத்த காட்டில் பிடித்த தீ பல நாட்கள் எரிந்தது. விமானப் படையின் ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று. தனியார் தோட்டம் ஒன்றில் வைத்த நெருப்பு பரவியதாக வனத்துறை வழக்குப் பதிவு செய்தது. ஒரு தோட்டத்துக் குப்பைக்கு வைத்த தீ, ஹெலிகாப்டர் வந்து அணைக்க வேண்டிய அளவுக்குப் போகும் என்று அதை வைத்தவர் எண்ணியிருக்க மாட்டார்.

தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் தேதி நடந்ததை அந்தப் பக்கத்து மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் காய்ந்த புல் சரிவில் தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்பு வேலையில் உள்ளூர் மக்கள் முன்னின்றார்கள். அங்கே உயர்ந்த மரக்காடு எதுவும் எரியவில்லை. ஆளுயரப் புல்தான் எரிந்தது. இந்த விவரத்தை அடிவார விவசாயிகள் மனதில் வைக்க வேண்டும். பெரிய மரங்களைக் கண்டு அஞ்சுகிறோம்; புல்லை யாரும் பொருட்படுத்துவதில்லை. காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதன் ஈடுகொடுக்க முடியாது. அதுவும் மேட்டை நோக்கி ஓடினால் கேட்கவே வேண்டாம்.

நெருப்பு மேலே ஏறும்

சமதரையில் தீயின் ஜுவாலை நிமிர்ந்து நிற்கும். சரிவில் அதே ஜுவாலை மேலே உள்ள புல்லின் மேல் சாய்ந்து, அதை முன்கூட்டியே உலர்த்திச் சூடாக்கிவிடும். சரிவு 10 டிகிரி கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது ஆஸ்திரேலியாவில் கண்டறிந்து பல நாடுகளிலும் பின்பற்றப்படும் கணக்கு. இதோடு காற்றும் சேர்ந்து கொள்கிறது. வெயில் ஏற ஏற மலையில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வீசும். சூரியன் சாய்ந்த பிறகு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். ஆகவே காட்டுக்குக் கீழே உள்ள தோட்டத்துக்கு இரவில் அபாயம். காட்டுக்கு மேலே, மலைச் சரிவில் உள்ள தோட்டத்துக்குப் பகலில் அபாயம் அதிகம். ஓடைப் பள்ளத்தின் தலைமாட்டில் வீடு கட்டியிருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளம் அடுப்பின் புகைபோக்கியைப் போல நெருப்பை நேரே வீட்டு வாசலுக்கு இழுத்து வந்துவிடும்.

வீடு எப்படித் தீப்பிடிக்கிறது என்பதைப் பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் உண்டு. காட்டிலிருந்து பெருந்தீ வந்து வீட்டை விழுங்கிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். கனடா நாட்டின் வடமேற்குப் பகுதியில் 1990-களின் இறுதியில் ஒரு சோதனை நடத்தினார்கள். காட்டை வேண்டுமென்றே கொளுத்தி, அதன் ஓரத்தில் மரப்பலகைச் சுவர்களை வெவ்வேறு தூரத்தில் நிறுத்திப் பார்த்தார்கள். மர உச்சிவரை எரிந்த அந்தப் பெருந்தீயிலும், 30 மீட்டருக்கு அப்பால் இருந்த சுவர் தீப்பிடிக்கவில்லை. 10 மீட்டரில் இருந்த சுவர்களில் சில பற்றிக் கொண்டன. இதில் முக்கிய பங்கு வகித்தவர் அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் ஜாக் கோஹன். வீடு எரிவதும் தப்புவதும் வீட்டைச் சுற்றியுள்ள 30 மீட்டரில் என்ன கிடக்கிறது என்பதையும், வீடு எதனால் ஆனது என்பதையும் பொறுத்தது என்பது அவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த கருத்து.

அப்படியானால் தூரத்து வீடுகள் எப்படி எரிகின்றன? தீப்பொறியால்தான். கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊர் 2018 நவம்பர் 8-ஆம் தேதி அழிந்தது. மின்சாரக் கம்பியிலிருந்து தொடங்கிய தீ அது. 85 பேர் இறந்தனர். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. பிறகு போய்ப் பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. வீடுகள் சாம்பலாகிக் கிடந்த தெருக்களில் பைன் மரங்கள் பச்சையாகவே நின்றன. காற்றில் பறந்து வந்த பொறிகள் கூரைச் சந்திலும் வாசல் சருகிலும் விழுந்து வீட்டைப் பற்றவைத்திருக்கின்றன. பின்பு வீட்டுக்கு வீடு தாவியது. அங்கே மர வீடுகள். இங்கே ஓடும் மண்சுவரும். ஆனாலும் நம் வீடுகளில் பொறி விழுந்து பற்றுவதற்கு இடம் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

ஒரு தோட்டத்து வீட்டைச் சுற்றிப் பார்த்தால் விளங்கும். சீமை ஓடு வேய்ந்த நல்ல வீடாக இருக்கும்; ஆனால் முன்னால் நிழலுக்காகத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருப்பார்கள். சுவரை ஒட்டி விறகு அடுக்கியிருக்கும். அதற்குப் பக்கத்தில் வரட்டி. தாழ்வாரத்தின் கீழே தேங்காய் மட்டைக் குவியல். தொழுவத்துக்கு ஓலைக் கூரை. அதற்குப் பத்தடியில் வைக்கோல் படப்பு. ஓட்டுச் சந்துகளில் அணில் சேர்த்து வைத்த தேங்காய் நார். ஓட்டு வீடு தீப்பிடிக்காது என்ற தைரியத்தில் இவ்வளவையும் சேர்த்து வைத்துக் கொண்டிருக்கிறோம். ஓடு தீப்பிடிக்காது. அதன் கீழே உள்ள பனைவாரையும் மூங்கிலும் பிடிக்கும்.

மூன்று வட்டங்கள்

மேல்நாடுகளில் வீட்டைச் சுற்றி மூன்று வட்டங்களாகப் பிரித்துப் பாதுகாக்கச் சொல்கிறார்கள். கலிபோர்னியாவில் 100 அடி தூரத்துக்குச் சுத்தம் செய்து வைப்பது சட்டமாகவே இருக்கிறது. இதை நம் சிறு விவசாயிக்கு அப்படியே சொன்னால் சிரிப்பார். வீட்டை நடுவாக வைத்து 100 அடிக் கயிற்றால் ஒரு வட்டம் சுற்றினால் அதற்குள் 72 சென்ட் நிலம் அடங்கிவிடும். மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது ஏறக்குறைய கால் பங்கு. அதைத் தரிசாகப் போட முடியுமா?

போட வேண்டியதில்லை. வெறுமையாக வைப்பது நோக்கமல்ல. காய்ந்து தொடர்ச்சியாக எரியக்கூடியது அங்கே இருக்கக் கூடாது என்பதே நோக்கம். பச்சையாக நிற்கும் பயிரும், உழுது போட்ட மண்ணும், பசு மேய்ந்து கட்டையாகிவிட்ட புல்லும் இதற்குப் போதும்.

முதல் வட்டம் சுவரிலிருந்து ஐந்தடி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சருகு, விறகு, கீற்று, சாக்கு, பிளாஸ்டிக் குழாய் எதுவும் இங்கே இருக்கலாகாது. வாசல் தெளித்துப் பெருக்கும் வழக்கம் முன்வாசலோடு நின்றுவிடாமல் வீட்டின் நான்கு பக்கமும் நடந்தால் பாதி வேலை முடிந்தது. கீற்றுப் பந்தலை மாசி பிறக்குமுன் பிரித்துவிட்டு, தேவையானால் தகரத்தைப் போட்டுக் கொள்ளலாம். வெயில் தாங்காது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு மூன்று மாதம் பொறுத்துக் கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாம் வட்டம் 30 அடி வரை. ஆறரை சென்ட் நிலம்தான். விறகையும் வரட்டியையும் இதற்கு அப்பால் கொண்டு போய் அடுக்க வேண்டும். இதற்குள் இருக்கும் முருங்கை, மா, கொய்யாவை வெட்ட வேண்டியதில்லை. அடியில் உள்ள காய்ந்த புல்லையும் தாழ்ந்து தொங்கும் உலர்ந்த கிளைகளையும் எடுத்துவிட்டால் தரைத் தீ மரத்தில் ஏறாது. தென்னையில் காய்ந்த மட்டைகளும் பன்னாடையும் தொங்கிக் கொண்டிருந்தால் அது நெருப்புக்கு ஏணி. மட்டை கழிக்கும் வேலையைத் தையிலேயே முடித்துவிடுவது நல்லது. கூரைக்கு மேலே கவிந்திருக்கும் கிளைகளையும் கழிக்க வேண்டும்.

மூன்றாம் வட்டம் 100 அடி வரை. காய்கறி, கடலை, பாசன வசதி இருந்தால் பசுந்தீவனம், இல்லாவிட்டால் கோடை உழவு. வைக்கோல் படப்பும் தட்டைப் போரும் எங்கே இருப்பது என்பதே இதில் பெரிய கேள்வி. வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவே படப்பு இருக்கவே கூடாது. வீட்டுக்கு மறுபுறம், காட்டுக்கு எதிர்த் திசையில், தொழுவத்திலிருந்து 50 அடியாவது தள்ளிப் போட வேண்டும். ஒரே பெரிய படப்பாகப் போடாமல் இரண்டாகப் பிரித்து வைத்தால் ஒன்று போனாலும் மாட்டுக்கு ஒன்று மிஞ்சும். படப்பைச் சுற்றி மூன்று முழ அகலத்துக்கு மண்ணைக் கொத்திவிட வேண்டும்.

ஓலைக் கூரையை மாற்ற வசதி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், கூரை வேய்ச்சலின் மேல் மண் பூசித் தீ எளிதில் பற்றாதபடி செய்யும் முறையை உருவாக்கியது. களிமண்ணோடு வைக்கோல் நறுக்கைக் கலந்து புளிக்கவிட்டுப் பூசி, அதன்மேல் மழையில் கரையாதபடி தார் சேர்த்த மண்பூச்சைக் கொடுப்பார்கள். பாரம் கூடும் என்பதால் மூங்கில் சட்டத்தைப் பலமாக வைக்க வேண்டும். வீடு முழுவதற்கும் செய்ய முடியாவிட்டாலும் காட்டுப் பக்கம் பார்த்த கூரைக்காவது செய்யலாம்.

எல்லையில் என்ன செய்வது?

வனத்துறை ஆண்டுதோறும் காட்டுக்குள் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது. பட்டா நிலத்துக்குள் அதே வேலையை விவசாயியே செய்து கொள்ள வேண்டும். எவ்வளவு அகலம்? அருகில் நிற்கும் புல் அல்லது புதரின் உயரத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. போதைப்புல் ஐந்தடி, ஆறடி நிற்கும் இடத்தில் 15 முதல் 18 அடி. காட்டை ஒட்டிய வரப்பு 300 அடி நீளம் என்றால் 15 அடி அகலத்துக்குப் பத்து சென்ட் நிலம் ஆகிறது. டிராக்டர் இறங்கும் இடமானால் இருமுறை உழுதுவிடலாம். கல்காட்டில் மண்வெட்டிதான். செங்குத்தான சரிவில் மண்ணை ஒட்டச் சுரண்டிவிடக் கூடாது. சித்திரை மழையில் மேல்மண் முழுவதும் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் புல்லைத் தரையோடு அறுத்து, அறுத்த புல்லை அப்புறப்படுத்தி, சரிவுக்குக் குறுக்கே கல் வரப்புப் போடுவதே சரி.

எல்லையில் வாழை அல்லது தீவனப்புல்லைப் பச்சையாக வைத்தால் தீ நிற்கும் என்று புத்தகங்கள் சொல்லும். தண்ணீர்ப் பிடிப்புள்ள இவற்றில் தீ சுலபமாக ஓடாது என்பது சரிதான். ஆனால் யானை வரும் பகுதியில் காட்டோரத்தில் வாழை வைப்பது விருந்துக்கு இலை போடுவது போல. தீக்குப் பயந்து யானையை அழைத்துக் கொள்ளக் கூடாது. யானை தின்னாது என்று மஞ்சள் போடுபவர்கள் உண்டு. மாசியில் மஞ்சள் தாளெல்லாம் காய்ந்து அதுவே எரிபொருளாகிவிடும். அறுவடைக்குப் பின் தாளை உடனே அகற்றினால்தான் அதனால் பயன். யானை நடமாடும் இடங்களில் உழுத மண் பட்டையும், அதன் உட்புறம் ரயில் கற்றாழை வேலியும் பொருத்தமானவை. கற்றாழையின் அடியில் காய்ந்த மடல்கள் சேராமல் ஆண்டுக்கு ஒருமுறை கழித்துவிட வேண்டும்.

யானைத் தடுப்பு அகழி இருக்கும் ஊர்களில் அதுவே தீத்தடுப்புக் கோடாகவும் பயன்படும். பயன்படும் என்பதைவிடப் பயன்பட்டிருக்க வேண்டும் என்பதே பொருத்தம். பல இடங்களில் அகழிக்குள் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. காட்டிலிருந்து தோட்டத்துக்கு நெருப்பைக் கடத்தும் திரியாக அகழியே மாறிவிடுகிறது.

உண்ணிச்செடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வெளிநாட்டுப் புதர் பச்சையாகத் தோன்றினாலும் அடியில் காய்ந்த குச்சிகள் பின்னிக் கிடக்கும். தரையில் ஓடும் தீ இதில் ஏறி மரத்தின் கிளையை எட்டுகிறது. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்கள், முன்னாட்களில் கோடையின் தொடக்கத்திலேயே தரைச் சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைத்து வந்ததாகவும், ‘தரகு பெங்கி’ என்ற அந்த வழக்கம் நின்ற பிறகே உண்ணிச்செடி காட்டை மூடியதாகவும் கூறுகிறார்கள். அந்தக் காடு 1974-ல் சரணாலயமாக்கப்பட்டது. பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் சிலரும் சோளகர்களின் இந்தக் கருத்தில் பொருள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. சத்தியமங்கலம், தாளவாடிப் பக்கத்திலும் சோளகர்கள் வாழ்வதால் இது நமக்கும் அக்கறையான விஷயம். ஆனால் ஒன்று. தலைமுறை தலைமுறையாகக் காட்டை அறிந்தவர்கள், புதர் குறைவாக இருந்த காலத்தில் செய்த வேலை அது. இன்று உண்ணிச்செடி ஆளுயரம் நிற்கும் காட்டில் யாரும் தனியே தீ வைத்தால் அது மெல்லிய தீயாக இருக்காது. காப்புக் காட்டில் தீ வைப்பது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயமானால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து கொள்ளும்.

தீ வைத்தால் புதுப்புல் துளிர்க்கும் என்ற எண்ணமும் அரைகுறையானது. துளிர்ப்பது உண்மை. வருஷா வருஷம் எரித்தால் மாடு விரும்பித் தின்னும் மெல்லிய புல் வகைகள் குறைந்து, நெருப்புக்கு அஞ்சாத முரட்டுப் புல்தான் மிஞ்சும். போதைப்புல்லை எந்த மாடும் ஆவலாகத் தின்பதில்லை.

எரிக்காமல் என்ன செய்வது என்று கேட்கலாம். கரும்புத் தோகையைச் சாலில் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும், மக்கி எருவாகும். ஆனால் காட்டெல்லைக்கு அருகில் உள்ள முப்பது அடியில் மட்டும் தோகையைப் பரப்பாமல் உள்ளே தள்ளிவிட வேண்டும். வரப்புப் புல், கடலைக் கொடி மிச்சம், களைகள் ஆகியவற்றைக் குழியிலோ குவியலிலோ போட்டு மக்க வைக்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் என்ற நுண்ணுயிர்க் கலவையை ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ வீதம் சேர்த்து ஈரம் காயாமல் வைத்தால் மக்குவது விரைவாகும். எரித்தே தீர வேண்டிய நோய் கண்ட செடி, முள் போன்றவற்றை மார்கழி முடிவதற்குள், பனி ஈரம் உள்ள காலை வேளையில், சிறு சிறு குவியலாக, பக்கத்தில் தண்ணீர் வைத்துக் கொண்டு எரிப்பது நலம். காட்டை ஒட்டிய நிலமானால் வனக் காவலருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சாம்பலில் கையை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே இடத்தை விட்டு நகர வேண்டும். மத்தியானத்தில் நெருப்பு வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதால் வந்த வினைகள் ஏராளம்.

தண்ணீரும் மின்சாரமும்

தீ வந்தால் மோட்டாரைப் போட்டு அடித்துவிடலாம் என்று நம்பியிருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். தீ வரும் சமயத்தில் கம்பி அறுந்தோ, ஆபத்து கருதி மின்வாரியத்தினர் நிறுத்தியோ கரண்ட் போய்விடும். ஆகவே மாசி முதல் தொட்டியை எப்போதும் நிரப்பி வைக்க வேண்டும். தொட்டி இல்லாதவர்கள் 200 லிட்டர் பீப்பாய் இரண்டில் தண்ணீர் பிடித்து வீட்டின் இரு பக்கமும் வைக்கலாம். டீசல் எஞ்சின் இருந்தால் அதை ஓட்டிப் பார்த்து வைத்துக் கொள்வது நல்லது. முதுகில் மாட்டும் 16 லிட்டர் கைத்தெளிப்பான் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. பொறி விழுந்து புகைகிற இடத்தில் ஒரு பீச்சு போதும். மருந்து வாடையே இல்லாமல் கழுவிய தெளிப்பானாக இருக்க வேண்டும்.

சொட்டுநீர்க் குழாய்கள் நெருப்பில் உருகிப் போகும். ஒரு ஏக்கர்க் குழாய் எரிந்தால் நஷ்டம் பெரிது. காட்டோரமாகச் செல்லும் முதன்மைக் குழாயை இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடலாம். பயிர் முடிந்த நிலத்துப் பக்கக் குழாய்களைச் சுருட்டி உள்ளே எடுத்து வைக்க வேண்டும். தோட்டத்தின் மேலே போகும் மின்கம்பியில் கிளைகள் உரசினால் தாமே வெட்டப் போகாமல் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து வெட்டச் செய்ய வேண்டும்.

தனி ஒருவர் தோட்டத்தைச் சுத்தமாக வைத்து, பக்கத்துத் தோட்டம் தரிசாகப் புல் மண்டிக் கிடந்தால் பயன் பாதிதான். வெளியூர்க்காரர்கள் வாங்கிப் போட்டுவிட்டு எட்டிப் பாராத மனைகளும் நிலங்களும் இன்று காட்டோரங்களில் பெருகிவிட்டன. இவைதான் இப்போது பெரிய தலைவலி. இதற்குக் கிராம சபையே தகுந்த இடம். ஜனவரி 26-ஆம் தேதி கூடும் கிராம சபை, தீக்காலம் தொடங்குவதற்குச் சரியாக முன்னால் வருகிறது. இப்படிக் கிடக்கும் நிலங்களின் எல்லையில் புல் அறுக்கச் சொல்லி உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பவும், அகழியைச் சுத்தம் செய்யும்படி வனத்துறையைக் கேட்கவும், விடுதிகளில் திறந்தவெளி நெருப்பை நிறுத்தவும் அங்கே தீர்மானம் போடலாம். கிராம வனக்குழு இயங்கும் ஊர்களில் குழுவின் மூலம் தீத்தடுப்பு வேலையைப் பேசி முடிக்கலாம். தீயணைப்பு வண்டி தோட்டம் வரை வர வழி இருக்கிறதா, ஓடைப் பாலம் அதன் பாரத்தைத் தாங்குமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக் கோள் மூலம் தீ இருக்கும் இடத்தைக் கண்டு, பதிவு செய்து கொண்டவர்களுக்குக் கைபேசியில் செய்தி அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்யலாம். ஊரில் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் பதிவு செய்து வைப்பது நல்லது. ஆனால் செயற்கைக் கோள் நாளில் சில தடவையே கடந்து போகிறது. சிறு தீயை அதற்கு முன்பே பார்ப்பது ஆடு மேய்ப்பவர் கண்தான். பார்த்ததும் யாருக்குச் சொல்வது என்பது தெரிந்திருக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101. அவசர உதவிக்கு 112. வனச்சரக அலுவலகத்தின் எண்ணைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் சரி.

தீ வந்துவிட்டால்

முதலில் மாடுகள். தீக்காலத்தில் கழுத்துக் கயிற்றை உருவு முடிச்சாகப் போட வேண்டும். தொழுவத்தில் ஒரு அரிவாள் எப்போதும் செருகியிருக்க வேண்டும். அவிழ்த்த மாட்டைச் சும்மா விரட்டினால் பழக்கத்தால் தொழுவத்துக்கே திரும்பி ஓடிவரும். உழுத வயலில் கொண்டு போய்க் கட்ட வேண்டும். எந்த வயல் என்பதை முன்பே முடிவு செய்து வைத்தால் அந்த நேரத்தில் திகைக்க வேண்டியதில்லை. குழந்தைகளையும் முதியவர்களையும் முதல் புகையிலேயே ஊருக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அணைக்கப் போகிறவர்கள் பருத்தித் துணி உடுத்திக் கொள்ள வேண்டும். நைலான் துணி உருகி உடம்பில் ஒட்டிக் கொள்ளும். பச்சைத் தழைக் கொத்தாலும் நனைத்த கோணிச் சாக்காலும் முட்டளவு உயரமுள்ள புல் தீயைப் பக்கவாட்டில் நின்று அடித்து அணைக்கலாம். அதற்கு மேல் உயர்ந்த ஜுவாலையிடம் கைவேலை செல்லாது. பின்வாங்கி வீட்டைக் காப்பதே சரி. தீக்கு மேல்புறம் நிற்கவே கூடாது. சிக்கிக் கொண்டால் மேட்டைப் பார்த்து ஓடாமல், ஏற்கெனவே எரிந்து கரியான இடத்துக்கோ, உழுத நிலத்துக்கோ, பாறை வெளிக்கோ போய்விட வேண்டும். எதிர்த் தீ வைப்பது பழகியவர்கள் செய்யும் வேலை. காற்றின் போக்குத் தெரியாமல் வைத்துப் பக்கத்துத் தோட்டத்தைக் கொளுத்தியவர்கள் உண்டு. தீப்புண் பட்டால் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும். பற்பசை, மை, மாவு எதுவும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

தீ கடந்து போன பிறகு இரண்டு நாள் காவல் தேவை. பட்ட மரத்தின் வேருக்குள்ளும் எருக்குழிக்குள்ளும் கனல் தங்கியிருந்து, மறுநாள் மத்தியானக் காற்றில் மீண்டும் கிளம்பும். ஓட்டுச் சந்துகளையும் தென்னந்தலைகளையும் இரவில் பார்த்தால் கனல் கண்ணுக்குத் தெரியும். பொருள் எரிந்திருந்தால் எதையும் அப்புறப்படுத்துமுன் கிராம நிர்வாக அலுவலரை வரவழைத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். மாடு இறந்திருந்தால் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். இன்சூரன்ஸ் உள்ளவர்கள் அன்றே தகவல் கொடுத்துவிட வேண்டும்.

மேலே எரிந்த சரிவில் புல் இல்லாததால் முதல் கோடை மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடி வரும். சாம்பலும் வண்டலும் கிணற்றில் இறங்கி ஊற்றை அடைத்துவிடும். கிணற்று மேட்டைச் சுற்றி ஒரு முழம் உயரத்துக்கு மண் அணைத்து, வெள்ளத்தை ஓடைக்குத் திருப்பும் வாய்க்காலைச் சித்திரை மழைக்கு முன் வெட்டி வைத்துவிட வேண்டும்.